பரிசலின் அடிப்புறம்

நமது சங்கப் பத்திரிகையில் அரசர் வமிசாவளிகளும் கோயிற் பட்டயங்களும் குறைவின்றி வெளிவருகின்றன. அவ்வரசரையும் அவர்தம் படையையும் ஆறு கடப்பித்த பரிசலைக் குறித்து எழுதுவாரைக் காணோம். அக்குறையைச் சிறிதேனும் நீக்கவே இதனை வரையலானேன்.

ஓசூர், கிருஷ்ணகிரி என்றவுடன் இந்நாளில் இயந்திரசாலைகளே யாவர்க்கும் நினைவிற்கு வரும். அவற்றிற்குத் தெற்கே அஞ்செட்டிக் காட்டைக் கடந்தால் காவிரி, கன்னட நாட்டெல்லையை ஒட்டிப் பிலிகுண்டுலு வழியாக ஓடி, ஒகேனக்கல்லிற் பாறைகளினூடே வீழ்கின்றது. அவ்விடத்தில் பலகைத் தோணி உதவாது. பாறையில் மோதினாற் பலகை விலகும். பலகைகளின் இடைவெளியில் அடைத்த கலப்பற்று உதிரும். உடனே நீர் புகும். சோழமண்டலக் கரையிலே மசூலாப் படகினை ஆணியின்றிக் கயிற்றாலே தைத்ததும் இதுபற்றியே. அலை மோதுங்கால் அது வளைந்து கொடுக்கும்.

பரிசலோ அதனினும் எளியது. பிளந்த மூங்கிலாற் பின்னிய கூடை. அடியில் ஆணியுமில்லை, பலகைப் பொருத்துமில்லை. நீரைத் தடுப்பதெல்லாம் வெளியே போர்த்த தோலொன்றே. ஒரு தோல் போதாதவிடத்துப் பல தோல்களைச் சேர்த்துத் தைத்தல் வேண்டும். அத்தையலே நீர் புகும் வாயில். நனைந்த தோல் காயாது கிடப்பின் அழுகும். ஆதலின் கரையேறியவுடன் பரிசலைத் தலைமேற் கவிழ்த்துச் சுமந்து சென்று வெயிலில் உலர்த்துதல் வேண்டும். சோம்பேறிக்கு ஏற்ற தொழிலன்று!

இதன் பழைமைக்குச் சான்று உண்டு. 1520ஆம் ஆண்டளவில் விஜயநகரம் கண்ட போர்த்துக்கீசியர் தொமிங்கோ பாயஸ், தோல் போர்த்த வட்டக் கூடைகளில் பதினைந்து இருபது பேர் ஆறு கடந்ததையும், அவை நேரே செல்லாது சுழன்று சென்றதையும் வியந்து எழுதியுள்ளார். கன்னடர் இதனை ஹரிகோலு என்பர். 1799இல் ஹாரிஸ் என்பாரது சேனை இராயக்கோட்டை வழியாகவே ஸ்ரீரங்கப்பட்டணஞ் சென்றது. அச்சேனையில் இருந்த ஆர்தர் வெல்லெஸ்லி, 1803இல் மராட்டியர்மேற் சென்றபோது, ஆறுகளைக் கடக்க இத்தகைய கூடைப் படகுகளையே செய்வித்தார். வெற்றி அவர் பெயரில் நிற்கின்றது. மூங்கில் பின்னினவர், தோல் பதனிட்டவர், துடுப்பிட்டவர் பெயரை எவரும் எழுதி வைத்திலர்.

பின்னாளில் தோல் அருகிற்று. இக்காலத்தார் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்து, அதன்மேல் காய்ச்சிய தாரைப் பூசுகின்றனர். தார் அழுகாது, மலிவுமாம். ஆயின் கூர்ங்கல் கிழித்தால் விரிப்பு ஒட்டாது. மீண்டும் தாரிட்டே அடைத்தல் வேண்டும். இவற்றில் எது சிறந்ததென்று வினவுவார்க்கு, கிடைப்பதும் பழுது பார்க்க எளியதுமே சிறந்ததென்பேன். தோலுக்காக ஏங்குவதில் பயனில்லை.

ஒகேனக்கல் செல்லும் நம் குடும்பத்தார் அருவியையே நோக்கி நிற்பர். பரிசற்காரரோ ஏறுமுன் கூடையைக் கவிழ்த்து, அடிப்புறத்தைக் கையால் தடவிப் பார்ப்பர். ஒரு கணம் அதனையும் நோக்குக. தார் புதிதாய் மின்னும் இடந்தான் முன்பு கிழிந்த இடம்.