வேலைக்குக் கண்ட அளவு

வேலை என்னும் சொல்லை அறியாதார் இலர். ஆயினும், இயற்பியல் வகுப்பில் அச்சொல் நுழைந்ததும் மாணவர் திகைக்கின்றனர். தலையில் மூட்டையைத் தாங்கியபடி ஒருவன் ஒரு நாழிகை அசையாது நிற்கிறான். வியர்வை பெருகுகிறது, கால்கள் நடுங்குகின்றன. அவன் மூட்டையின்மேல் செய்த வேலை சுழி என்கிறது பாடநூல். விசையையும், அவ்விசையின் திசையில் பொருள் நகர்ந்த தொலைவையும் பெருக்கி வருவதே வேலை. நகர்வு இல்லையேல் வேலையும் இல்லை. இரக்கமற்ற இக்கணக்கு எங்கிருந்து வந்தது?

ஓர் இறாத்தல் எடையை நான்கு முழம் உயர்த்துவதும், நான்கு இறாத்தலை ஒரு முழம் உயர்த்துவதும் சமமே என்னும் கருத்தை அடிப்படையாகக் கொண்டு 1686ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் வாதிட்டார். எனினும், அக்கருத்தை அன்றாட வழக்குக்குக் கொண்டுவந்தவர்கள் சுரங்க முதலாளிகளே எனலாம்.

இங்கிலாந்தில் தாமஸ் நியூகோமன் 1712ஆம் ஆண்டில் நிறுவிய நீராவி எந்திரம் சுரங்கத்து நீரை இறைத்தது. நிலக்கரியையோ அளவின்றி விழுங்கியது. கார்ன்வால் பகுதிச் சுரங்கங்களுக்கு நிலக்கரி கடல்வழியே வரவேண்டும். ஆதலின், ஒரு புஷல் நிலக்கரியை எரித்தால் எத்தனை இறாத்தல் நீர் ஓரடி உயரும் என்று கணக்கிடத் தலைப்பட்டனர். அவ்வளவைக்கு அவர்கள் இட்ட பெயர் 'கடமை' என்று பொருள்படும். ஜேம்ஸ் வாட் 1769ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற எந்திரம் எரிபொருளைப் பெரிதும் குறைத்தது. வாட்டும் அவர்தம் பங்காளி போல்ட்டனும், பழைய எந்திரத்தினும் மிச்சமான நிலக்கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டணமாகக் கேட்டனர். சுரங்கத்தார் முணுமுணுத்தனர், வழக்குகளும் எழுந்தன. பணம் கைமாறும் இடத்தில் அளவை துல்லியமாதல் இயல்பன்றோ?

ஆலைகளில் குதிரைகளுக்கு மாற்றாக எந்திரம் விற்கவேண்டி, நிமிடத்திற்கு 33,000 இறாத்தலை ஓரடி உயர்த்துவதைக் குதிரைத்திறன் என வாட் வகுத்தார். நாள் முழுதும் அவ்வாறு இழுக்கச் சாதாரணக் குதிரையால் இயலாது. வாங்குவோருக்குக் குறை நேராதபடி வகுத்த கணக்கு அது.

இவ்வளவுக்குப் பின்னும், எடையையும் உயரத்தையும் பெருக்கி வந்த தொகைக்கு ஆளுக்கொரு பெயர் வழங்கினர். பிரெஞ்சுப் பொறியியல் ஆசிரியர் கொரியோலிஸ், எந்திரங்களின் பயனைக் கணிப்பது பற்றி 1829ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், அதற்கு உழைப்பு எனப் பொருள்படும் 'திராவாய்' என்ற சொல்லை நிலைநிறுத்தினார். மெட்ஸ் நகரில் தொழிலாளருக்குப் பாடம் நடத்திய பொன்செலேயும் அதையே கையாண்டார். வீதியில் வழங்கிய சொல் அறிவியலுக்குள் வந்தது. தமிழிலும் 'வேலை' என்றே வைத்துக்கொண்டோம். மாணவரின் திகைப்பும் உடன் வந்தது.

அத்திகைப்பைத் தீர்க்கும் வழியைச் சால்ஃபோர்டு நகர மதுவடிப்பாளர் மகன் ஜேம்ஸ் ஜூல் காட்டினார். இறங்கும் எடைகளால் நீரைக் கடைந்து, 772 அடி இறாத்தல் வேலை ஓர் இறாத்தல் நீரின் வெப்பத்தை ஒரு பாரன்ஹீட் பாகை உயர்த்தும் என 1850ஆம் ஆண்டில் அறிவித்தார். வேலையும் வெப்பமும் ஒரே கணக்கில் சேர்ந்தன. மூட்டை தாங்கி நின்றவனின் வியர்வைக்கு அக்கணக்கில்தான் இடம் உண்டு. அவன் தசைகளில் உணவின் ஆற்றல் இடைவிடாது செலவாகி வெப்பமாகிறது. மூட்டைக்கு அதில் ஒன்றும் சேர்வதில்லை.