கண்ணாடியை முதலில் உடைத்தது யார்?

இன்னைக்கு ரெண்டு பழைய கார்ல இருந்து ஆரம்பிப்போம்.

1969. ஃபிலிப் ஜிம்பார்டோ என்ற உளவியல் பேராசிரியர், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் நம்பர் பிளேட் இல்லாத ஒரு காரை, பானெட்டைத் திறந்தபடி நிறுத்துகிறார். இன்னொரு கார், கலிஃபோர்னியாவின் வசதியான ஊரான பாலோ ஆல்டோவில். பிராங்க்ஸ் காரை பத்தே நிமிஷத்தில் கழட்ட ஆரம்பிச்சிட்டாங்க. முதலில் வந்தது யாருங்கிறீங்க? ஒரு அப்பா, அம்மா, சின்னப் பையன். குடும்பத்தோட வந்து ரேடியேட்டரையும் பேட்டரியையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. பாலோ ஆல்டோ காரை ஒரு வாரத்துக்கு மேல் யாரும் தொடவே இல்லை. கடைசியில் ஜிம்பார்டோவே பெரிய சுத்தியலால் அடித்தார். அப்புறம்தான் போறவங்க வர்றவங்க எல்லாம் சேர்ந்துக்கிட்டாங்க.

இந்தக் கதையை 1982 மார்ச்சில் 'தி அட்லாண்டிக்' இதழில் உலகப் புகழ் பெற வைத்தவர்கள் ஜேம்ஸ் க்யூ. வில்சனும் ஜார்ஜ் கெல்லிங்கும். கட்டுரையின் பெயர் 'உடைந்த ஜன்னல்கள்'. ஒரு ஜன்னல் உடைந்து அப்படியே கிடந்தால், இங்கே கேட்க ஆளில்லை என்று அர்த்தம். சின்ன ஒழுங்கீனத்தை விட்டால் பெரிய குற்றம் பின்னாலேயே வரும் என்பது வாதம்.

வில்சன் ஏற்கெனவே 1975-ல், வறுமையை ஒழித்தால் குற்றம் ஒழியும் என்ற பேச்சைக் கேள்வி கேட்டவர். அமெரிக்கா செழிப்பாக இருந்த அறுபதுகளில்தானே குற்றம் ஏறியது? திருடுகிறவன் லாப நஷ்டம் பார்க்கிறான், மாட்டிக்கொள்ளும் வாய்ப்பைக் கூட்டுங்கள் என்றார். இந்த சிந்தனைக்குத்தான் ரைட் ரியலிசம் என்று பெயர். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கு, அதை நான் தள்ளிவிட மாட்டேன்.

ஆனா நியூயார்க் சப்வேயில் நடந்தது ரெண்டு வேற வேற விஷயம். 1984-ல் பொறுப்புக்கு வந்த டேவிட் கன், ரயில் பெட்டிகளைச் சுத்தம் செய்தார். சுத்தம் செய்த பெட்டியில் ராத்திரி யாராவது கிராஃபிட்டி வரைந்தால், அதை அழிக்கும் வரை வண்டி வெளியே வராது. வரைஞ்சவன் தன் படம் ஊர் சுத்துறதைப் பார்க்கவே முடியாது! 1989 மே மாதம், கிராஃபிட்டி உள்ள கடைசி ரயிலும் ஓய்வு பெற்றது. இது நிஜமாவே ஜன்னலைச் சரி செய்த வேலை.

1990-ல் சப்வே போலீஸுக்குத் தலைமை ஏற்ற வில்லியம் பிராட்டன் பண்ணினது வேற. டிக்கெட் எடுக்காமல் தாண்டிக் குதிப்பவர்களைப் பிடித்து, கைவிலங்கு போட்டு வரிசையாக நிற்க வைத்தார். ஏழு பேரில் ஒருவர் மேல் ஏற்கெனவே வாரண்ட் இருந்தது என்றார். 1994-ல் மேயர் ஜூலியானி அவரை நகர போலீஸ் கமிஷனர் ஆக்கினார். 1990-ல் 2,245 ஆக இருந்த கொலைகள் 1998-ல் 633. பெரிய வெற்றிதான். ஆனா அதே காலத்தில் சான் டியாகோவிலும் குற்றம் நன்றாகக் குறைந்தது. அங்கே கைதுகளைக் கூட்டவில்லை.

ஜன்னலை விட்டுட்டு ஆளைப் பிடிக்கும் பழக்கம் மட்டும் வளர்ந்தது. 2011-ல் நியூயார்க் போலீஸ் தெருவில் நிறுத்தி விசாரித்தது சுமார் 6,85,000 தடவை. பெரும்பாலும் கறுப்பினத்தவர், லத்தீனோக்கள். பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது பேர் மேல் எந்த வழக்கும் இல்லை. இங்கே ஒரு விஷயம் எனக்கு உறுத்துது: பிராங்க்ஸ் காரைப் பிரித்தவர்களில் பெரும்பாலான பெரியவர்கள் நன்றாக உடுத்திய வெள்ளையர்கள் என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதியிருக்கு. அந்த வரி மட்டும் யாருக்கும் ஞாபகம் இல்லை.

2013-ல் ஒரு ஃபெடரல் நீதிபதி, இப்படி நிறுத்தும் முறை அரசியலமைப்புக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தார். 2014-ல் பிராட்டன் மறுபடியும் கமிஷனர். அந்த ஜூலையில், வரி கட்டாத சில்லறை சிகரெட் விற்றதாகச் சொல்லி எரிக் கார்னரைப் பிடிக்கப் போனார்கள். மூச்சு விட முடியலைன்னு பதினோரு முறை சொன்னார். இறந்துபோனார்.

தெருவில் நிறுத்துவதைக் குறைத்தால் ஊர் கெட்டுப்போகும் என்று எச்சரித்தவர்கள் நிறைய. 2017-ல் நிறுத்தியது 12,000 தடவைக்கும் குறைவு. அந்த வருஷம் நியூயார்க்கில் 292 கொலைகள், 1998-ல் இருந்ததில் பாதிகூட இல்லை.

அப்போ குற்றம் எதனாலதான் குறைஞ்சது? பெட்ரோலில் கலந்த ஈயத்தை நிறுத்தியதுதான் காரணம்னு சொல்றவங்களும் இருக்காங்க. அது அடுத்த எபிசோட்.