வீடு யாருடையது?
கிழக்குக் கரையில் சோதிக்கப்பட்ட சில கோட்பாடுகள்

மனிதரின் நடத்தை பற்றியும் உறவுமுறை பற்றியும் கோட்பாடு சொல்வது எளிது. அதைச் சரிபார்ப்பதுதான் கடினம். இரசாயனம் படிப்பிக்கும் ஆசிரியர் ஒரு கரைசலைச் சூடாக்கிக் காட்டி முடிவைச் சொல்லிவிடலாம். ஒரு குடும்பத்தை அப்படிச் சூடாக்கிப் பார்க்க முடியாது. ஆய்வுக்காக ஒரு கலியாணத்தை நடத்தவும் முடியாது, பிரிக்கவும் முடியாது. எனவே சமூகத்தை ஆய்பவர்கள் நான்கு வழிகளை நாடினார்கள். ஆவணங்களைப் படிப்பது, மக்களோடு நெடுநாள் வாழ்ந்து பார்ப்பது, ஒரு சமூகத்தை மற்றொன்றோடு ஒப்பிடுவது, எண்ணிக் கணக்கெடுப்பது என்பனவே அவை. பொத்துவில் தொடக்கம் மருதமுனை வரையுள்ள எமது கரையோரம் இந்த வழிகளில் ஆராயப்பட்ட பிரதேசம். ஆனால் அந்த ஆய்வுகளைப் பற்றி எம்மவரில் அறிந்தோர் மிகச் சிலரே.

ஆவணத்திலிருந்து தொடங்குவோம். 1876இல் கிறிஸ்தோபர் பிரிட்டோ முக்குவர் சட்டம் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். ஓர் ஆணின் முதுசச் சொத்து அவனுடைய பிள்ளைகளுக்கன்றி அவன் சகோதரியின் பிள்ளைகளுக்குச் சேரும் என்ற மட்டக்களப்பு வழமையை அது விளக்கியது. அதே 1876இல் கொண்டுவரப்பட்ட 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு தமிழ் முக்குவரின் அந்த வழமை சட்ட வலுவை இழந்தது. முஸ்லிம்களுக்கோ 1806ஆம் ஆண்டின் முகம்மதியச் சட்டக் கோவையும், பின்னர் 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டமும் இருந்தன. ஷரீஅத்தின்படி மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு.

இந்த ஏடுகளை மட்டும் படிப்பவர் என்ன முடிவுக்கு வருவார்? தாய்வழி வழமை 1876இல் முடிந்தது, முஸ்லிம்களிடத்தில் சொத்தின் பெரும்பகுதி ஆண்மக்களுக்குப் போகிறது என்றுதான் எழுதுவார். கல்முனைக்குடியிலோ சாய்ந்தமருதிலோ ஒரு தெருவை நடந்து பார்த்தால் அந்த முடிவு நிற்காது. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகின்றன. மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருகிறார். வாரிசுரிமைச் சட்டம் ஒருவரின் மரணத்தின் பின்னர் பேசத் தொடங்குகிறது. எங்கள் வாப்பாமாரும் உம்மாமாரும் உயிரோடிருக்கும்போதே வீட்டைக் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். சட்டம் பொய்யில்லை, வழமையும் பொய்யில்லை. இரண்டும் வெவ்வேறு வேளைகளில் இயங்குகின்றன. இதை ஏட்டில் காண முடியாது, இருந்து பார்த்தால்தான் தெரியும்.

இருந்து பார்க்கும் முறையை இலங்கையில் கடுமையாகக் கையாண்டவர் கேம்பிரிட்ஜ் மானிடவியலாளர் எட்மண்ட் லீச். 1954இல் வடமத்திய மாகாணத்தின் புல் எளிய என்னும் சிங்களக் கிராமத்தில் தங்கினார். மனிதரின் வாழ்வை வம்சாவளி விதிகளே ஆளுகின்றன என்பது அக்காலத்தில் செல்வாக்குப் பெற்றிருந்த கோட்பாடு. லீச் அந்தக் கிராமத்தின் வயல் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, 1890 முதல் அவை யார் கையிலிருந்து யார் கைக்கு மாறின என்று பழைய பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். குளமும் வயலும் இருந்த இடத்தில் இருந்தன. உறவின் கணக்குகளே அவற்றுக்கேற்ப வளைந்தன. உறவுமுறை என்பது சொத்தைப் பற்றிப் பேசும் ஒரு மொழி என்ற அவரது வாதம் 1961இல் நூலாக வந்தது. அவரிடம் பயின்ற துருக்கியரான நூர் யல்மன் 1967இல் வெளியிட்ட நூலில் கிழக்குக் கரைத் தமிழரும் முஸ்லிம்களும் இடம்பெற்றனர்.

ஆனால் எங்கள் பக்கத்தில் நெடுங்காலம் ஊன்றி நின்றவர் அமெரிக்கரான டெனிஸ் மெக்கில்வ்ரே. சிக்காகோ பல்கலைக்கழக மாணவராக 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்து 1971 வரை தங்கினார். பின்னரும் பல தடவை திரும்பி வந்தார். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே ஊரில் அருகருகே வாழ்ந்து, இரு சாராரும் தாய்வழிக் குடி முறையைப் பேணும் இடம் என்பதே அக்கரைப்பற்றின் சிறப்பு. கோயிலில் வண்ணக்கரும் பள்ளிவாசலில் மரைக்காயரும் குடிகளின் பிரதிநிதிகளாக நின்றதை அவர் பதிவு செய்தார்.

அவர் ஒரு கோட்பாட்டையும் கையோடு கொண்டுவந்திருந்தார். தென்னாசியச் சமூகங்களில் சாதியும் குலமும் இரத்தம் முதலிய உடற்பொருள் பற்றிய நம்பிக்கைகளில் வேரூன்றியவை என்ற கருத்து அன்று சிக்காகோவில் ஓங்கியிருந்தது. அது சரியென்றால், தாயின் வழியே குடி எண்ணும் மக்கள், தாயின் இரத்தமே பிள்ளையை ஆக்குகிறது என்று நம்ப வேண்டும். கேட்டுப் பார்த்தார். அப்படி ஒரே சீரான நம்பிக்கை மக்களிடம் இருக்கவில்லை. ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். தாய் தந்தை இருவருடைய பங்கையும் சொன்னார்கள். குடி மட்டும் ஐயமின்றித் தாயின் குடியாகவே இருந்தது. சாதி அடுக்கு முழுவதும் தூய்மை தீட்டு என்ற எண்ணத்தில் நிற்கிறது என்று பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன் சொன்னதும் இங்கு முழுமையாகப் பொருந்தவில்லை. பழைய வன்னிமை ஆட்சியின் உரிமைகளும் கோயில் வரிசைகளுமே மட்டக்களப்புப் பகுதியின் படிநிலைக்கு அடிப்படை என அவர் 1982இல் எழுதினார். கொண்டுவந்த கோட்பாடு மக்களிடம் தோற்றதை மறைக்காமல் எழுதியதுதான் அந்த ஆய்வின் மதிப்பு. அவரது பெருநூல் 2008இல் வெளியானது.

மூன்றாவது வழி ஒப்பீடு. முஸ்லிம்களிடத்தில் இந்த வழமை எப்படி வந்தது என்பதற்கு எங்கள் ஊர்களில் ஒரு கதை உண்டு. முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த சண்டையில் உதவிய பட்டாணியர் முக்குவப் பெண்களை மணந்தார்கள், குடிமுறை அப்பெண்களோடு வந்தது என்பது அக்கதை. அது மட்டும் போதுமா? கேரளத்தின் கண்ணூர்ப் பக்கத்து மாப்பிளமார் தாய்வழித் தரவாடுகளில் வாழ்ந்தவர்கள். தமிழ்நாட்டின் காயல்பட்டினத்திலும் மாப்பிள்ளை பெண்வீட்டிலேயே வாழ்கிறார். மூன்று கரையிலும் ஷாபிஈ மத்ஹபு. மூன்றிலும் வீடு பெண்ணோடு நிற்கிறது. ஆகவே எங்கள் ஊர்ச் சண்டைக் கதை ஒன்றினால் மட்டும் இதை விளக்கிவிட முடியாது. ஆண்கள் கடல் வணிகத்துக்குப் போனதால் பெண் வீட்டில் நின்றாள் என்றும் சிலர் சொல்வர். அதுவும் முழு விடையன்று. எங்கள் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வயல் செய்து வீட்டிலேயே இருந்த ஆண்களும் சீதன வீட்டில்தான் வாழ்ந்தார்கள். ஒப்பீடு ஒரு விடையைத் தராமற்போனாலும் பிழையான இரண்டு விடைகளையாவது கழித்துத் தருகிறது.

நான்காவது வழி எண்ணிக்கை. பெண்ணின் பெயரில் வீடிருந்தால் அவளுக்குப் பாதுகாப்பு உண்டா? இந்தியப் பொருளியலாளர் பீனா அகர்வாலும் பிரதீப் பாண்டாவும் கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் மணமான சுமார் 500 பெண்களிடம் விசாரித்து, 2005இல் முடிவை வெளியிட்டார்கள். வீடோ காணியோ இல்லாத பெண்களில் 49 வீதமானோர் கணவனின் அடிக்கு ஆளாகியிருந்தனர். இரண்டும் உடையவர்களில் அது 7 வீதம் மட்டுமே. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இரண்டு விடயங்கள் சேர்ந்து வருவதால் ஒன்று மற்றதை உண்டாக்கியது என்றாகாது. வசதியான, படித்த குடும்பங்களில் சொத்தும் கூட இருக்கும், அடியும் குறைவாக இருக்கும் என்று ஒருவர் வாதிடலாம். அதனால்தான் அவர்கள் குடும்ப வசதி, கல்வி போன்றவற்றையும் கணக்கிலெடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் சொத்தின் தொடர்பு மறையவில்லை.

இவையெல்லாம் ஏட்டுச் சர்ச்சைகள்தானே என்று கேட்போருக்கு 2004 டிசம்பர் 26 விடை சொன்னது. இலங்கையில் ஆழிப்பேரலை கொண்டுபோன சுமார் 35,000 உயிர்களில் 10,000க்கு மேற்பட்டவை அம்பாறை மாவட்டத்தவை. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கரையோர வீதிகள் தரைமட்டமாயின. அழிந்தவற்றில் பெரும்பாலானவை பெண்களின் சீதன வீடுகள். பின்னர் நிவாரணப் படிவங்கள் வந்தன. அவற்றில் ‘குடும்பத் தலைவர்’ என்றொரு கூடு இருந்தது. வீட்டின் தலைவர் ஆண் என்பதும் ஒரு கோட்பாடுதான். எவரும் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை, அச்சடித்துவிட்டார்கள். மனைவியின் வீடு போன இடத்தில், புது வீட்டின் உரிமை கணவனின் பெயரில் எழுதப்பட்டது பல இடங்களில் நடந்தது. மகளிர் அமைப்புகள் கூட்டுரிமை கேட்டுக் குரலெழுப்பின. மெக்கில்வ்ரேயும் பற்றீசியா லோரன்சும் சுனாமி வீடமைப்பை ஆராய்ந்தபோது, கிழக்கு மக்கள் கிடைக்கும் வீட்டையும் மகளின் சீதனக் கணக்கிலேயே வைத்துச் சிந்தித்ததைக் கண்டார்கள்.

இது சுனாமியோடு தொடங்கியதுமன்று. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அரச காணிகளின் வாரிசில் ஆண்மக்களை முன்னிறுத்தியது. அந்தப் பாரபட்சத்தை நீக்கும் திருத்தம் 2022இல்தான் வந்தது. பாடசாலைப் பதிவேட்டிலும் இதே கதைதான். நாங்கள் முதலில் எழுதுவது தந்தையின் பெயர். அதற்கு நேரே எழுதும் விலாசமோ பெரும்பாலும் தாயின் வளவு.

இவ்வளவும் சொல்வது எமது வழமையைப் புகழ்வதற்கல்ல. வீடு பெண்ணுடையது என்பதால் அவளுடைய வாழ்வு இலகுவானது என்பதும் சோதிக்கப்பட வேண்டிய ஒரு கோட்பாடே. அந்த வீட்டைக் கட்டுவதற்காக வாப்பாவும் நானாமாரும் மத்திய கிழக்கில் பத்துப் பதினைந்து வருடம் கழிக்கிறார்கள். சில வீடுகளில் உம்மாவே பணிப்பெண்ணாகப் போகிறார். வீடு கட்ட முடியாத இடத்தில் குமர் காத்திருக்கிறாள். மஹர் கொடுக்க வேண்டியவன் கைக்கூலி கேட்கிறான். உறுதி அவள் பெயரில் இருந்தாலும், அதை அடகு வைப்பது யார், விற்பது யார் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

இந்தக் கேள்விகளுக்கு வெளியூரார் ஒருவர் வந்து பதில் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எங்களைப் பற்றிய பெரிய நூல்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அவற்றில் பேசப்படும் உம்மாமார் பலர் அவற்றை வாசிக்க முடியாதவர்கள். 1995இல் ஆரம்பிக்கப்பட்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எமது கையெட்டும் தூரத்தில் ஒலுவிலில் இருக்கிறது. ஒரு தெருவின் இருபது வீடுகளுக்குப் போய், உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது, யார் கொடுத்தது, எந்த ஆண்டில் கொடுத்தது, இப்போது அதைப் பற்றித் தீர்மானிப்பவர் யார் என்று கேட்டு எழுத, பொறுமையுள்ள ஒரு மாணவியே போதும். உம்மாமார் வாப்பாமாரை விட அவளிடம் மனம்விட்டுப் பேசுவார்கள். பத்து ஆண்டு கழித்து அதே வீடுகளுக்கு மீண்டும் போனால் எது மாறியது, எது மாறவில்லை என்பதும் தெரியும். அடுத்த முறை யாராவது ஒரு படிவத்தை நீட்டி ‘குடும்பத் தலைவர் யார்?’ என்று கேட்கும்போது, காட்டுவதற்கு எம்மிடம் ஒரு கணக்கு இருக்க வேண்டும்.