துணிக்குப் பின்னால் இருந்த உம்மா: பச்சைப்பிள்ளையைப் படம் எடுத்த கதை

எமது ஊர்களில் ஒரு பிள்ளை பிறந்தால் முடி இறக்குவது, பெயர் வைப்பது, அகீகா கொடுப்பது என்று வரிசையாக வேலைகள் இருக்கும். இப்போது அந்த வரிசையில் இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. கெமராக்காரரை வீட்டுக்கு வரவழைத்துப் பச்சைப்பிள்ளையோடு குடும்பமாகப் படம் எடுப்பதுதான் அது. வீட்டை எப்படி ஆயத்தம் செய்வது, என்ன துணி வாங்குவது, எந்த அறை நல்லது என்று இளம் பெற்றோர் கேட்கிறார்கள். பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கும் எங்களுக்கு இது புதிய கேள்வியாகத் தெரியவில்லை. புகைப்படம் பிறந்த காலத்திலிருந்தே உம்மாமார் கேட்டு வந்த கேள்வி இது. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். கடைசியில் வீட்டுக்கு உதவும் விடயங்களையும் சொல்கிறோம்.

1839ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் பிரான்சில் லூயி டாகேர் என்பவரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவம் பதியும் முறை அது. அதில் ஆளைப் படம் எடுப்பது ஆரம்பத்தில் பெரும்பாடாக இருந்தது. நல்ல வெயிலில்கூட நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். 1840களில் வில்லையும் இரசாயனமும் முன்னேறியதால் அந்த நேரம் குறைந்தது. பெரியவர்கள் இருந்துகொள்வார்கள். அவர்களின் தலை ஆடாமல் இருக்கப் பின்னால் ஓர் இரும்புத் தாங்கியையும் வைப்பார்கள். பச்சைப்பிள்ளைக்கு அதெல்லாம் சரிவருமா? கையை ஒருதரம் உதறினால் படத்தில் கையிருந்த இடம் புகைபோல ஆகிவிடும்.

அதற்கு அக்கால ஸ்டூடியோக்காரர்கள் ஒரு வழி கண்டார்கள். பிள்ளையை உம்மாவின் மடியிலேயே வைத்துக்கொண்டு, உம்மாவைத் தலையிலிருந்து கால்வரை ஒரு துணியால் மூடிவிடுவார்கள். பார்ப்பவருக்கு அது துணி போட்ட கதிரைபோலத் தெரியும். சில படங்களில் உம்மா கதிரைக்குப் பின்னால் குனிந்திருப்பார், கை மட்டும் வெளியே தெரியும். சிலவற்றில் படத்தை எடுத்த பிறகு உம்மாவின் முகத்தைச் சுரண்டி அழித்திருப்பார்கள். இப்படிப்பட்ட பழைய படங்களை இன்று ‘மறைந்த தாய்’ படங்கள் என்று அழைக்கிறார்கள். லிண்டா பிரெக்னி நாக்லர் என்ற கலைஞர் இவ்வகைப் படங்கள் ஏறத்தாழ ஆயிரத்தைத் திரட்டி 2013இல் புத்தகமாக வெளியிட்டார்.

அந்தப் படங்களைப் பார்த்தால் முதலில் சிரிப்பு வரும், சிலருக்குப் பயமும் வரும். பிள்ளைக்கு எதுவும் தெரியாது. தன்னைப் பிடித்திருக்கும் கையின் சூடு மட்டும் தெரியும், அதனால்தான் அது அசையாமல் இருந்தது. படம் சரிவரக் காரணமாக இருந்தவர் உம்மா. படத்தில் இல்லாமல் போனவரும் அவரே.

இனி எமது நாட்டோடு தொடர்புள்ள ஒருவரிடம் வருவோம். கோல்புறூக் – கமரூன் சீர்திருத்தம் என்று ஆறாம் ஏழாம் வகுப்புக்குப் பிறகு எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தம். அந்தக் கமரூனின் மனைவிதான் ஜூலியா மார்கரெட் கமரூன். கல்கத்தாவில் 1815இல் பிறந்தவர். 1863ஆம் ஆண்டு முடியும்போது, 48 வயதில், மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கெமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அப்போது அவர் இங்கிலாந்தின் வைட் தீவில் இருந்தார்.

அவர் ஸ்டூடியோ எதுவும் கட்டவில்லை. வீட்டில் நிலக்கரி போட்டு வைக்கும் இடத்தை இருட்டறையாக்கினார். கண்ணாடி போட்ட கோழிக்கூட்டிலிருந்து கோழிகளைத் திறந்துவிட்டு அதையே படமெடுக்கும் அறையாக்கினார். வீட்டில் இருந்ததைக் கொண்டு, ஒரு பக்கத்து வெளிச்சத்தை மட்டும் நம்பி எடுத்த படங்கள் இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. 1865இல் அவர் எடுத்த ஒரு படத்தில் அவருடைய பேரப்பிள்ளை ஆர்ச்சி அயர்ந்து தூங்குகிறான். பக்கத்தில் வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர் தாயாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அக்காலத்தில் ஒரு படத்துக்குச் சில நிமிடங்கள் தேவைப்பட்டன. பிள்ளையை அசையாமல் வைக்க அவர் துணியையோ இரும்புத் தாங்கியையோ தேடவில்லை. பிள்ளையின் தூக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டார். பெண்ணையும் மறைக்கவில்லை.

1875இல் அவரும் கணவரும் இலங்கைக்கு வந்தார்கள். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. களுத்துறையில் வாழ்ந்தபோதும் அவர் படம் எடுத்தார், தோட்டத் தொழிலாளர்களையும் அயலவர்களையும். அவற்றில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. 1879இல் இங்கேயே இறந்தார். பொகவந்தலாவையில் உள்ள தேவாலய வளவில் கணவரும் மனைவியும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். மலையகம் போகும் ஆசிரியர்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கதையையும் சொல்லலாம்.

அதே காலத்தில் தொழில்நுட்பமும் மாறியது. 1871இல் ரிச்சர்ட் லீச் மடொக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் உலர்ந்த தகட்டு முறைக்கு வழி காட்டினார். அந்தப் பத்தாண்டு முடியும்போது ஒரு வினாடிக்கும் குறைந்த நேரத்தில் படம் எடுக்க முடிந்தது. 1888இல் ஜோர்ஜ் ஈஸ்ட்மன் கொடக் கெமராவை 25 டொலருக்கு விற்றார். உள்ளே 100 படங்களுக்கான பிலிம் இருக்கும், முடிந்ததும் கெமராவையே கம்பனிக்கு அனுப்ப வேண்டும். 1900இல் பிரவுனி என்ற பெட்டிக் கெமரா ஒரு டொலருக்கு வந்தது. அதன்பிறகு அந்த நாடுகளில் பிள்ளையைப் படம் எடுப்பவர் உம்மாவாகவே ஆனார். துணிக்குப் பின்னால் இருந்தவர் கெமராவுக்குப் பின்னால் போனார். இரண்டிலும் அவர் படத்தில் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

எமது நாட்டில் கதை வேறு. கொழும்பில் 1860களிலேயே ஸ்கீன் போன்றோரின் ஸ்டூடியோக்கள் இருந்தன. 1890இல் பிளாட்டே தொடங்கியது. ஆனால் அவை வெள்ளைக்காரருக்கும், கப்பலில் வரும் பயணிகளுக்கும், வசதியான குடும்பங்களுக்கும் உரியவையாக இருந்தன. சாதாரண ஊர்மக்களில் பலருக்கு வாழ்வின் முதல் படமே அடையாள அட்டைக்காக எடுத்த படம்தான். 1972இல் தேசிய அடையாள அட்டை வந்தபோதுதான் எமது மூத்தவர்கள் பலர் ஸ்டூடியோ வாசலை மிதித்தார்கள். பச்சைப்பிள்ளைக்குப் படம் எடுப்பது ஆடம்பரம். கண்ணூறு படும் என்ற பயமும் இருந்தது. மார்க்க ரீதியாகப் படம் எடுப்பது பற்றி எமக்குள் வெவ்வேறு கருத்துகள் இன்றும் உண்டு. எடுக்காத குடும்பத்தை எவரும் குறைத்துப் பார்க்க வேண்டியதில்லை.

எடுத்தவர்களிடமும் படங்கள் மிஞ்சவில்லை என்பதுதான் வேதனை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி கிடைத்த அவகாசம் சில மணித்தியாலங்கள்தான். பிள்ளையைத் தூக்குவதா, அல்பத்தை எடுப்பதா? புத்தளம் முகாம்களில் வளர்ந்த ஒரு தலைமுறைக்குத் தங்கள் பிள்ளைப் பருவ முகம் எப்படி இருந்தது என்று தெரியாது. யுத்தத்தில் திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்த தமிழ்ச் சகோதரர்களின் வீடுகளிலும் இதே கதைதான். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று கரையோரம் முழுக்க ஷோகேஸ்களும் அல்பங்களும் போயின. சில உம்மாமாருக்கு மௌத்தான பிள்ளையின் ஒரு படம்கூட மிஞ்சவில்லை. 2011இல் ஜப்பானில் சுனாமி வந்தபோது தொண்டர்கள் இலட்சக்கணக்கான படங்களைச் சேற்றிலிருந்து பொறுக்கிக் கழுவி உரியவர்களைத் தேடினார்கள். மற்றவர்களுக்கு அது கடுதாசிபோலத் தெரியலாம், இழந்தவருக்குத்தான் அதன் பெறுமதி தெரியும்.

ஆகவே வீட்டில் படம் எடுப்பதை வீண் வேலை என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஆனால் அதை எப்படிச் செய்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். இந்த வரலாறு சொல்லித் தருவதையும், எமது வீடுகளுக்குப் பொருந்துவதையும் சேர்த்துச் சொல்கிறோம்.

முதலாவது, வீடு முழுவதையும் துப்புரவு செய்ய வேண்டாம். பிள்ளை பெற்று சில நாளான உம்மா எழும்பித் தூசு தட்டும் காட்சியை எந்தப் படத்துக்காகவும் உருவாக்க வேண்டாம். ஒரு ஜன்னலும் அதன் முன்னால் ஒரு கட்டிலும் போதும். கட்டிலில் வெள்ளை அல்லது ஒரே நிற விரிப்பை விரியுங்கள். படத்துக்குள் விழும் மருந்துப் போத்தல், பை, சார்ஜர் வயர் என்பவற்றை மட்டும் அகற்றுங்கள். அந்த வேலை வாப்பாவுடையது.

இரண்டாவது, வெளிச்சம். ஐரோப்பிய ஸ்டூடியோக்காரர்கள் வடக்குப் பக்க ஜன்னலைத் தேடினார்கள், அங்கே வடக்கிலிருந்து நேர் வெயில் விழாது. எமது நாட்டில் ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் எமக்கு வடக்கே நிற்கும். எனவே திசையைப் பார்க்காமல் வெயில் நேராக விழாத ஜன்னலைப் பாருங்கள். வெயில் விழுந்தால் ஒரு மெல்லிய வெள்ளைத் திரையைப் போடுங்கள். பகலில் டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சமும் கலந்தால் பிள்ளையின் நிறம் மாறித் தெரியும். பிளாஷ் தேவைப்படாது.

மூன்றாவது, நேரம். பிறந்து முதல் இரண்டு வாரங்களில் பிள்ளை அதிகம் தூங்கும் என்பதால் கெமராக்காரர்கள் அந்நாட்களைக் கேட்பார்கள். ஆனால் நாளைத் தீர்மானிக்க வேண்டியவர் உம்மா. சத்திரசிகிச்சை செய்தவருக்கோ, காய்ச்சல் உள்ளவருக்கோ நாற்பது முடிந்த பிறகு எடுத்தாலும் ஒன்றும் குறையாது. பிள்ளைக்குப் பால் கொடுத்து, தூங்கியதும் எடுங்கள். உடுப்பைக் குறைப்பதானால் ஃபேனை நிறுத்துங்கள். வருபவர் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவட்டும். தடிமன், இருமல் உள்ளவர் இன்னொரு நாள் வரட்டும்.

நான்காவது, பிள்ளையை வளைத்து முறுக்க விடாதீர்கள். இரண்டு கைகளையும் நாடிக்குக் கொடுத்துத் தலையை நிமிர்த்தியபடி பச்சைப்பிள்ளை இருக்கும் படங்களைப் போனில் பார்த்திருப்பீர்கள். எந்தப் பச்சைப்பிள்ளையாலும் அப்படித் தனியே இருக்க முடியாது. முறையாகப் பழகியவர்கள் அதை இரண்டு படங்களாக எடுப்பார்கள். ஒன்றில் பெரியவர் ஒருவர் தலையைப் பிடித்திருப்பார், மற்றதில் கைகளைப் பிடித்திருப்பார். பிறகு கணினியில் இரண்டையும் சேர்த்துப் பிடித்த கையை அழித்துவிடுவார்கள். அன்று துணியால் மூடியதை இன்று கணினியால் மூடுகிறார்கள். இது தெரியாமல் வீட்டில் செய்து பார்ப்பது ஆபத்து. கூடை, வாளி, கழுத்தில் மாலை, சங்கிலி எதுவும் வேண்டாம். ஒருவரின் கை எப்போதும் பிள்ளைமேல் இருக்கட்டும், அந்தக் கை படத்தில் தெரியட்டும்.

ஐந்தாவது, யார் படத்தில் இருப்பது? பிள்ளையை மட்டும் எடுத்துவிட்டு முடிக்காதீர்கள். உம்மாவுக்கு விருப்பமிருந்தால், அவர் விரும்பிய உடையோடு, களைத்த முகத்தோடு அவரும் இருக்கட்டும். முகம் தெரிய விரும்பாதவரின் கைகளை எடுங்கள். துணியால் மூடி ஆளே இல்லாததுபோலக் காட்டுவது வேறு, தன் விருப்பப்படி முகத்தைக் காட்டாமல் இருப்பது வேறு. இரவெல்லாம் கண்விழித்த உம்மும்மா, வாப்பும்மா, ஏணையை ஆட்டிய ராத்தா என எல்லோருக்கும் ஒவ்வொரு படம் எடுங்கள். பெண் கெமராக்காரர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேளுங்கள். படத்தைப் பேஸ்புக்கில் போடுவதற்கு முன் உம்மாவின் சம்மதத்தைக் கேளுங்கள். கெமராக்காரர் தனது விளம்பரத்துக்குப் போடுவதானாலும் அப்படியே.

பணத்தையும் சொல்ல வேண்டும். கடன்பட்டு இதைச் செய்ய வேண்டாம். ஒரு சாதாரண போனும், ஜன்னல் வெளிச்சமும், பொறுமையுள்ள ஒரு சாச்சாவோ மாமியோ இருந்தால் படம் வரும். கோழிக்கூட்டில் எடுத்த படங்களை நினைத்துப் பாருங்கள்.

எடுத்த பிறகுதான் உண்மையான வேலை இருக்கிறது. போன் விழுந்தால் நானூறு படமும் போய்விடும். வட்ஸ்அப்பில் அனுப்பினால் படத்தின் தரமும் குறையும். பத்துப் படங்களைத் தெரிந்து கழுவி எடுங்கள். பின்பக்கம் பென்சிலால் மெதுவாகப் பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, ஊர், கூட இருப்பவர்களின் பெயர் என்பவற்றை எழுதுங்கள். ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். இன்னொன்றை வேறு ஊரில், கடலிலிருந்து தூரத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள். 1990ஐயும் 2004ஐயும் கண்ட சமூகத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதை வாசிக்கும் உங்களில் எவரிடமாவது 1990க்கு முந்திய வடக்குக் குடும்பங்களின் படமோ, சுனாமிக்கு முந்திய எமது கரையோர வீடுகளின் படமோ இருந்தால், அதில் இருப்பவர்களின் பெயரை இன்றே மூத்தவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். கல்யாண வீட்டுப் படத்தில் ஓரமாக நிற்கும் பிள்ளைக்கு அது ஒன்றுதான் தன் சின்ன வயதுப் படமாக இருக்கலாம். அந்தக் குடும்பத்தைத் தெரிந்தால் ஒரு பிரதி எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.