ஒலி அலை உருவகப்படுத்தலில் அலையெண்

ஓர் அலை தான் செல்லும் திசையில் ஒரு மீட்டருக்கு எத்தனை ரேடியன் கட்டமாற்றம் அடைகிறது என்பதைச் சொல்லும் அளவு அலையெண். 2 பையை அலைநீளத்தால் வகுத்தால் அது கிடைக்கும். கோண அதிர்வெண்ணை ஒலியின் வேகத்தால் வகுத்தாலும் அதே மதிப்புதான். நிறமாலையியலில் அலைநீளத்தின் தலைகீழியையே அலையெண் என்பார்கள். அங்கே 2 பை வராது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் விடை ஆறு மடங்குக்கு மேல் பிசகும்.

20 டிகிரி செல்சியஸ் காற்றில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் செல்கிறது. 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலையெண் அங்கே 18.3. அதே ஒலி தண்ணீருக்குள் புகுந்தால் அதிர்வெண் மாறுவதில்லை. வேகம் சுமார் 1,480 மீட்டராக உயர்வதால் அலையெண் 4.2 ஆகக் குறைகிறது. எனவே பல ஊடகங்கள் கலந்த கணக்கில், ஒலி மிக மெதுவாகச் செல்லும் ஊடகத்தைப் பார்த்தே கணிப்பு வலையின் நெருக்கத்தை முடிவுசெய்ய வேண்டும்.

கணினி அழுத்தத்தை வலைப்புள்ளிகளில் மட்டுமே அறியும். பையைப் புள்ளி இடைவெளியால் வகுத்தால் வருவதே அந்த வலை தாங்கும் உச்ச அலையெண்; இது நைக்விஸ்ட் எல்லை, அதாவது ஓர் அலைநீளத்துக்கு இரண்டு புள்ளிகள். ஆனால் எல்லைக்குள் இருப்பது மட்டும் போதாது. வழக்கமான இரண்டாம் வரிசை வேறுபாட்டு முறையில், காலக்கணக்கு பிழையற்றது என்று வைத்துக்கொண்டாலும், அலைநீளத்துக்கு 10 புள்ளிகள் இருக்கையில் அலை 1.6 சதவீதம் மெதுவாக நகரும். 5 புள்ளிகள் என்றால் 6.5 சதவீதம். சிறு பிழையாகத் தெரியும் அந்த 1.6 சதவீதம், 30 அலைநீளத் தூரத்தில் அரை அலைநீளப் பின்னடைவாகச் சேர்ந்துவிடுகிறது: முகடு வரவேண்டிய நேரத்தில் அகடு வந்து சேரும். புள்ளிகளின் நெருக்கத்தோடு, அலை கடக்கும் தூரத்தையும் அலைநீளங்களில் எண்ணிப் பார்ப்பது இதனால்தான் இன்றியமையாதது.

மருத்துவ மீயொலியில் இதன் சுமை தெளிவாகத் தெரியும். 1 மெகாஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மென்திசுவில் ஏறத்தாழ 1.5 மி.மீ. 15 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் ஒரு பக்கத்தில் 100 அலைநீளங்கள் அடங்கும். அலைநீளத்துக்கு 10 புள்ளிகள் என்றால் மொத்தம் 100 கோடி. 3 புள்ளிகள் போதுமென்றால் 2.7 கோடிதான்.

அந்தக் குறைப்புக்கு வழி, கணக்கையே அலையெண் வெளிக்குக் கொண்டுபோவது. ஃபூரியே உருமாற்றத்துக்குப் பின், வகைக்கெழு காண்பது அலையெண்ணாலும் கற்பனை அலகாலும் பெருக்குவதாகச் சுருங்கிவிடுகிறது. மேற்சொன்ன வேகப்பிழை வெளிக்கணக்கில் எழுவதில்லை. பிராட்லி ட்ரீபி, பென் காக்ஸ் இருவரும் 2010இல் அறிமுகப்படுத்திய கே-வேவ் மென்பொருள் இந்த முறையில் இயங்குகிறது; காலப்படியால் வரும் பிழையைத் திருத்தவும் அலையெண்ணைச் சார்ந்த ஒரு காரணியை அது சேர்க்கிறது. சீரான ஊடகத்தில் இது மிகத் துல்லியமானது. மண்டையோடும் மென்திசுவும் சந்திக்கும் இடம் போல வேகமும் அடர்த்தியும் திடீரென மாறும் எல்லைகளில் மட்டும் இரண்டு, மூன்று புள்ளிகள் போதாமல், வலையை இன்னும் நெருக்க வேண்டியிருக்கும்.