குறைமுத்திரைக் கடிதமும் தண்டமும்

இலங்கையின் முதலாவது தபால் முத்திரை 1857 ஏப்ரல் 1இல் வெளிவந்தது. அனுப்புபவரே முன்கூட்டிக் கட்டணஞ் செலுத்தும் முறை இதனால் வலுப்பெற்றது. எனினும், பெறுபவர் செலுத்தும் பழைய முறை குறைமுத்திரைக் கடிதங்களில் எஞ்சி நின்றமையை நாம் காண்கிறோம்.

1874இல் நிறுவப்பட்ட சர்வதேசத் தபால் ஒன்றியத்தில் இலங்கை 1877இல் இணைந்தது. கல்கிசையிலிருந்து கடல்கடக்கும் கடிதத்துக்கும் ஒன்றியத்தின் விதியே பொருந்திற்று. முத்திரை குறைந்திருப்பின், வரியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் முதலெழுத்து உறையிற் பொறிக்கப்படும். குறைந்த தொகையின் இருமடங்கு பெறுபவரிடம் அறவிடப்பட்டது.

தவறு ஒருவருடையது, தண்டமோ மற்றொருவருக்கு. அனுப்பியவரைத் தேடுவதிலும் வாசலில் நிற்பவரிடம் அறவிடுவது நிருவாகத்துக்கு எளிது. பெறுபவர் கடிதத்தை மறுக்கலாம். ஆயின், உறவினரின் செய்திக்குக் காத்திருக்கும் ஏழைக்கு அவ்வுரிமை பெயரளவினதே. சீரான கட்டணம் சமத்துவமெனப் போற்றப்பட்டது. சமமற்ற சமுதாயத்தில் ஒரே காசின் சுமை ஒன்றல்ல என்பதே நாம் பெறும் முடிபாகும்.