நடுக்காட்டுப்பட்டியின் நாலு ராத்திரியை யார் எடுத்து வைத்திருக்கிறார்கள்?



பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டே இருப்பேனே, அதுபோல நினைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வீட்டுப்பாடமும் உண்டு.

என் அக்கா பேத்தி திருச்சியில் வரலாறு படிக்கிறாள். ஆராய்ச்சிக் கட்டுரைக்காகப் போன மாதம் வையம்பட்டிக்கு வந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "சின்னத் தாத்தா, நடுக்காட்டுப்பட்டியில குழந்தை ஆழ்குழாய்க்குள்ள விழுந்தப்ப, இந்தப் பக்கத்து ஜனங்க என்ன பேசிக்கிட்டாங்க? அதை எங்க போய்ப் பார்க்கிறது?"

உங்களில் பலருக்கு அந்த நாட்கள் மறந்திருக்காது. 2019 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை சாயங்காலம். மணப்பாறைப் பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை, பயன்படுத்தாமல் கிடந்த ஆழ்குழாய்க் கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. பக்கத்தில் இன்னொரு குழி தோண்டினார்கள். கரும்பாறை குறுக்கே நின்றது. ஞாயிற்றுக்கிழமை தீபாவளி. நம் தெருவில் பல வீட்டில் பட்டாசு வெடிக்கவில்லை. 29-ஆம் தேதி விடியற்காலை குழந்தையை உயிரில்லாமல் எடுத்தார்கள்.

"பேப்பர்ல எல்லாம் இருக்குமே தாயி" என்றேன். "பேப்பர் இருக்கு, தாத்தா. டிவி இருக்கு. அமைச்சர் என்ன சொன்னார், அதிகாரி என்ன சொன்னார்னு இருக்கு. ஊர்க்காரங்க அன்னைக்கு அன்னைக்கே எழுதினது வேணும்" என்றாள்.

உடனே எனக்கு நம் பழைய மாணவன் ஒருவன் ஞாபகம் வந்தது. பேர் வேண்டாம். பால் வண்டி ஓட்டுகிறவன். அந்த நாலு ராத்திரியும் அங்கேயே கிடந்தான். நடுநிசியில் பதிவு போடுவான். யார் டீ கொண்டுவந்தது, எந்த இயந்திரம் எப்போது வந்தது, கூட்டத்தில் எந்தப் பேச்சு பொய்யாகப் பரவியது, எந்தெந்த ஊரில் இதேபோல மூடாத குழாய் கிடக்கிறது என்று பிழையும் கொச்சையுமாக எழுதுவான். நானே அதில் போய் ஒற்றுப்பிழையைத் திருத்தியிருக்கிறேன்!

தேடினேன். ஒன்றும் இல்லை. கூப்பிட்டுக் கேட்டேன். "அந்தக் கணக்கை மூடிட்டேன் சார். கடன் குடுத்தவங்க எல்லாம் அதுல வந்து எழுத ஆரம்பிச்சிட்டாங்க" என்றான்.

சிரித்துவிட்டேன். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. முப்பது வருஷம் வரலாறு நடத்தியவன் நான். கண் முன்னால் ஒரு ஆவணம் அழிந்திருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை.

'முகநூலில் எழுதுவதெல்லாம் வரலாறா?' என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

ஸ்ரீரங்கம் கோயிலில் அறுநூறுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. எட்டாம் வகுப்பில் உங்களை அழைத்துப்போய்ச் சுவரைக் காட்டியது ஞாபகம் இருக்கிறதா? அதில் பெரும்பாலும் என்ன இருக்கிறது? நிலம் கொடுத்தவர், பொன் கொடுத்தவர், விளக்குக்கு ஏற்பாடு செய்தவர். கொடுக்க இருந்தவன் பேர் கல்லில் ஏறியது. அந்தக் கல்லைச் செதுக்கியவன் காவிரியில் வெள்ளம் வந்த வருஷம் என்ன சாப்பிட்டான் என்பது எங்கேயும் இல்லை. சாதாரண ஜனங்களின் பேச்சு நம் வரலாற்றில் எப்போதும் ஓட்டையாகவே இருக்கிறது.

அந்த ஓட்டை தற்செயலாக அடைபட்ட இடங்களும் உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு விலை, யார் யாரிடம் என்ன கோள் சொன்னார்கள், ஊரில் என்ன வதந்தி என்று எல்லாம் அதில் உண்டு. நம் திருச்சிக் கோட்டைக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அடித்துக்கொண்ட காலமும் அதுதான். இன்றைக்கு இருந்திருந்தால் தினமும் பத்துப் பதிவு போட்டிருப்பார்! அவர் இறந்து எண்பது வருஷத்துக்கு மேல் அந்த ஏடுகளை உலகம் கவனிக்கவில்லை. 1846-இல்தான் அவை கவனத்துக்கு வந்தன. பிறகு 1904 தொடங்கி 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வந்தன. 18-ஆம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவைப் பற்றி எழுதுகிற யாரும் இன்று அதைத் தொடாமல் எழுத முடியாது. அதில் வதந்தியும் இருக்கிறதே என்று யாரும் தூக்கிப்போடவில்லை. அன்றைக்கு ஜனங்கள் எதை நம்பினார்கள் என்பதற்கு அந்த வதந்திதான் சாட்சி.

இன்னொன்று, குஜிலிப் பாட்டுப் புத்தகங்கள். வெள்ளம், கொலை, ரயில் விபத்து என்று எது நடந்தாலும் உடனே சிந்து கட்டி, மட்டமான தாளில் அச்சடித்து, சந்தையிலும் தெருமுனையிலும் பாடி விற்பார்கள். படித்தவர்கள் அதைத் தொடக்கூட மாட்டார்கள். இன்று அதை 'முச்சந்தி இலக்கியம்' என்று தலைப்பிட்டு ஆ. இரா. வேங்கடாசலபதி புத்தகமே எழுதியிருக்கிறார். எழுத அவருக்கு அது எப்படிக் கிடைத்தது? யாரோ எடுத்து வைத்ததால்தான்.

ஒரு பக்கம் அரசாங்கம் எடுத்து வைத்தது. 1867-இல் வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டான்: அச்சடிக்கிற ஒவ்வொரு புத்தகத்தையும் பதிவு செய்ய வேண்டும். நம் மேல் அன்பினால் அல்ல. யார் என்ன எழுதுகிறார்கள் என்று கண் வைக்கத்தான். அந்தக் கண்காணிப்பினால் நமக்குப் பட்டியல் மிஞ்சியது.

இன்னொரு பக்கம் தனி மனிதர் எடுத்து வைத்தார். காரைக்குடி பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்று ஒருவர். புத்தகம், பத்திரிகை மட்டுமா? நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, துண்டுக் காகிதம் எல்லாம் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கி, கடல் தாண்டிக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே வைத்தது. 1994-இல் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அதுதான். கல்யாணப் பத்திரிகையை எதற்கு ஐயா சேர்க்கிறீர்கள் என்று அவரை எத்தனை பேர் கேலி செய்திருப்பார்கள்!

சரி, இணையத்தில் எழுதுவதை இப்படிச் சேர்க்க யாராவது முயன்றார்களா? முயன்றார்கள். அதுவும் உலகத்திலேயே பெரிய நூலகங்களில் ஒன்று.

2010 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ஓர் அறிவிப்பு செய்தது. ட்விட்டரில் 2006 முதல் பதிவான பொதுப் பதிவுகள் அத்தனையும் இனி நூலகத்துக்கு வரும் என்றது. எல்லோரும் கைதட்டினார்கள். 2013 ஜனவரிக்குள் 17,000 கோடிப் பதிவுகள் குவிந்துவிட்டன. தினமும் ஏறத்தாழ 50 கோடி சேர்ந்துகொண்டிருந்தது. முதல் நாலு வருஷப் பதிவில் மட்டும் ஒரே ஒரு சொல்லைத் தேட 24 மணி நேரம் ஆகலாம் என்று அந்த நூலகமே சொன்னது. ஆராய்ச்சியாளர்களுக்குக் கதவைத் திறக்க முடியவில்லை. படமும் காணொளியும் வரவில்லை. எழுத்து மட்டும்தான் வந்தது. கடைசியில் 2017 டிசம்பர் 31-உடன் எல்லாவற்றையும் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, தேர்தல் போன்ற முக்கிய நிகழ்வுகளை ஒட்டித் தேர்ந்தெடுத்து மட்டுமே சேர்ப்பது என்று முடிவு செய்தார்கள்.

களத்து நெல் முழுவதையும் தூற்றாமல் குதிரில் கொட்டினால் என்ன ஆகும் என்று விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டாம்.

அப்படியானால் கம்பெனிகளே பத்திரமாக வைத்திருக்குமா? உங்களில் நாற்பது வயதை நெருங்குகிறவர்கள் ஆர்குட்டில் எவ்வளவு எழுதினீர்கள்! 2014 செப்டம்பர் 30-இல் அதை மூடினார்கள். கூகுள் ப்ளஸ் 2019 ஏப்ரல் 2-இல் போயிற்று. கடை அவர்களுடையது, எப்போது வேண்டுமானாலும் ஷட்டரை இறக்கலாம். நம் வீட்டுப் பத்திரத்தை அடுத்தவர் கடையில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற மாதிரிதான் இது.

நம் நாட்டுச் சட்டம்? 1954-இல் ஒரு நல்ல சட்டம் வந்தது. புத்தகம் வெளியிடுகிறவர் தம் செலவில் கல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்கள் என நாலு இடத்துக்குப் பிரதி அனுப்ப வேண்டும். 1956-இல் செய்தித்தாளையும் அதில் சேர்த்தார்கள். அதனால்தான் கன்னிமாராவில் போய் நின்றால் அறுபது வருஷத்துக்கு முந்தைய தமிழ்ப் புத்தகம் கைக்குக் கிடைக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் அச்சு மையின் காலத்துச் சட்டம். பால் வண்டிக்காரர் நடுநிசியில் கைபேசியில் எழுதியது அதன் கண்ணில் படாது. பிரிட்டன் 2013-இலேயே இணையப் பக்கங்களுக்கும் அந்த மாதிரி விதியைக் கொண்டுவந்துவிட்டது.

நமக்கும் தேசிய அளவில் ஒரு காப்பகம் வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் எப்படி என்பதில்தான் பாடம் இருக்கிறது.

ஒன்று, எல்லாவற்றையும் அள்ளக் கூடாது. அமெரிக்கா பட்ட பாடு போதும். 2015 சென்னை வெள்ளம், 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டம், 2019 நடுக்காட்டுப்பட்டி, கொரோனா ஊரடங்கு என்று நிகழ்வை ஒட்டி, ஊரை ஒட்டிச் சேர்க்க வேண்டும். தேதி, இடம், யார் எழுதியது என்ற குறிப்பு இல்லாத பதிவு, மேலுறை தொலைந்த கடிதம் மாதிரி.

இரண்டு, இது போலீஸ் கையிலும் கட்சி கையிலும் இருக்கக் கூடாது. 1867-ஐ மறக்க வேண்டாம். நூலகமும் பல்கலைக்கழகமும் தன்னிச்சையாக நடத்த வேண்டும்.

மூன்று, எழுதியவரின் சம்மதம். நம் பால் வண்டிக்காரன் கணக்கை மூடியதற்குக் காரணம் இருக்கிறது. அது அவன் உரிமை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆராய்ச்சிக்கும் ஆவணக் காப்புக்கும் நிபந்தனையோடு இடம் விட்டிருக்கிறது. சில பதிவுகளைப் பூட்டி வைத்துப் பல வருஷம் கழித்துத் திறக்கலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டு விவரத்தை அமெரிக்கா 72 வருஷம் கழித்துத்தான் திறக்கிறது. பிரிட்டன் 100 வருஷம் கழித்து. குழந்தையை இழந்த ஒரு குடும்பத்தைப் பற்றி ஊர் எழுதியதை நாளைக்கே திறந்து வைக்க வேண்டியதில்லை. எரிந்து போகாமல் இருந்தால் போதும்.

எரிந்து போனதை நாம் பார்த்திருக்கிறோம். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 புத்தகங்கள் சாம்பலாயின. 2005-இல் ஈழத்துத் தன்னார்வலர்கள் 'நூலகம்' என்ற இணைய நூலகத்தைத் தொடங்கினார்கள். பிரசுரம், பத்திரிகை, மலர் என்று ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து ஏற்றினார்கள். இன்று யாரும் இலவசமாகப் படிக்கலாம். அரசாங்கம் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

நியூசிலாந்து தேசிய நூலகம் 2019-இல் இன்னும் எளிய வழி பிடித்தது. 'உங்கள் முகநூல் பதிவுகளை நீங்களே தரவிறக்கி எங்களுக்குத் தானமாகக் கொடுங்கள்' என்று பொதுமக்களிடம் கேட்டது. இரத்த தானம் மாதிரி. கொடுக்க விருப்பம் உள்ளவர் கொடுத்தால் போதும்.

இப்போது வீட்டுப்பாடம். முகநூலின் அமைப்புகள் பகுதியில் உங்கள் தகவல்களைத் தரவிறக்க ஒரு வசதி இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அதைச் செய்யுங்கள். இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள். 2019 அக்டோபர் 25 முதல் 29 வரை அந்தச் சம்பவம் பற்றி நீங்கள் எழுதியது ஏதாவது இருந்தால், பிழை திருத்தாமல், தேதியோடு எனக்குத் தனியாக அனுப்புங்கள். "எங்க கொல்லையில இருந்த குழாயை இன்னைக்கு மூடிட்டோம்" என்று ஒரு வரி எழுதியிருந்தாலும் சரி. பேரை வெளியிட வேண்டாம் என்றால் வெளியிட மாட்டோம். பேத்தி ஒரு நோட்டில் வரிசைப்படுத்தி, கல்லூரி நூலகத்தில் ஒரு பிரதி கொடுக்கப் போகிறாள்.

பால் வண்டிக்காரன் போன வாரம் வீட்டுக்கு வந்தான். திண்ணையில் உட்கார்ந்து அந்த நாலு ராத்திரியையும் சொன்னான், பேத்தி எழுதிக்கொண்டாள். நாலு பக்கம் வந்தது. கடைசியில் அவனே சொன்னான்: "சார், இது இப்ப ஞாபகத்துல இருந்து சொல்றது. திங்கக்கிழமை ராத்திரி வரைக்கும் குழந்தை வந்துடும்னு நம்பித்தான் எழுதிக்கிட்டிருந்தேன். இப்ப முடிவு தெரிஞ்சபின்ன, அந்த மாதிரி சொல்ல வரலை."

நான் நடத்திய பாடத்தை மாணவன் எனக்கே திருப்பி நடத்திவிட்டுப் போனான்.

பிள்ளைகளே, உங்கள் பழைய பதிவுகளை ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒற்றுப்பிழைக்கு இந்தத் தடவை மார்க் குறைக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்,
வையம்பட்டி.